காதில் ஒரு சிறு கீறல், நிற்காத ரத்தம்: குழந்தைகளின் சிகிச்சைக்கு முன் குடும்பத்திடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்

பெங்களூரு: குழந்தைகளுக்குக் காதில் செய்யப்படும் சிறு அறுவை சிகிச்சைகளில் ரத்தப்போக்கு பொதுவாகக் கவலைக்குரிய ஒன்றல்ல. செவிப்பறையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறி, உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்து, சிறு குழாய் ஒன்றைப் பொருத்தும் சிகிச்சையில் கசியும் ரத்தம் சில துளிகளைத் தாண்டுவதில்லை. காலையில் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படும் குழந்தை பெரும்பாலும் மாலையிலேயே வீடு திரும்பிவிடுகிறது. ஆயினும் மிக அரிதாக, அந்தச் சிறு கீறலில் இருந்து ரத்தம் பீறிட்டு வருவதும், நின்றுவிட்டதாகக் கருதப்பட்ட கசிவு மறுநாள் மீண்டும் தொடங்குவதும் உண்டு.

இத்தகைய ரத்தப்போக்குக்கான காரணங்கள் இரண்டு வகைப்படும். ஒன்று இடம் சார்ந்தது. இருக்கக் கூடாத இடத்தில் பெரிய ரத்தக் குழாய் ஒன்று இருப்பது. மற்றொன்று ரத்தம் சார்ந்தது. குழந்தையின் ரத்தத்துக்கு உறையும் திறன் பிறவியிலேயே குறைவாக இருப்பது. முதல் வகை உலகின் எந்தக் குழந்தைக்கும் நேரலாம். இரண்டாவது வகையில் சில நோய்கள், உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் வேரூன்றியுள்ள கர்நாடகம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் கூடுதல் கவனம் பெற வேண்டியவை. அவற்றைக் கண்டறியும் முதல் கருவி ஆய்வகத்தில் இல்லை. குடும்பத்தினரிடம் கேட்கப்படும் சில எளிய கேள்விகளில் இருக்கிறது.

எதற்காக இந்தச் சிகிச்சை?: நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் அமைந்திருக்கும். சளி, ஒவ்வாமை, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீக்கம் ஆகியவற்றால் அந்தக் குழல் அடைபடும்போது, செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்குகிறது. குழந்தைக்கு வலி இருக்காது. காது மட்டும் மந்தமாகும். அழைத்தால் திரும்பாத குழந்தையை 'சொன்ன பேச்சுக் கேட்பதில்லை' என்று பெற்றோரும், 'பாடத்தில் கவனம் இல்லை' என்று ஆசிரியரும் கடிந்துகொள்வது இந்நிலையில் வழக்கமாக நடப்பதே. பள்ளி வயதை எட்டுவதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒருமுறையாவது இவ்வாறு நீர் தேங்குகிறது. பெரும்பாலும் அது தானாகவே வடிந்தும் விடுகிறது. மூன்று மாதங்கள் பொறுத்துப் பார்த்தும் வடியாமல், கேட்கும் திறன் பாதிக்கப்பட்டால் மட்டுமே குழாய் பொருத்துவது பற்றி மருத்துவர்கள் யோசிக்கின்றனர்.

செவிப்பறையைக் கீறிச் செவித்திறனை மீட்கும் முறையை லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1801ஆம் ஆண்டிலேயே விவரித்தார். கீறல் சில நாள்களில் மூடிக்கொண்டதால் பயன் நிலைக்கவில்லை. 1954இல் அமெரிக்காவின் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் அந்தத் துளையில் சிறு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி அந்தக் குறையை நீக்கினார். இன்று 'குரோமெட்' என்று அழைக்கப்படும் அந்தக் குழாய், பொதுவாக ஆறு மாதங்கள் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் தானே வெளியே வந்துவிடும்.

இதே அமர்வில் அடினாய்டு சதையும் அகற்றப்படுவது உண்டு. பெற்றோர் பலர் 'காதில் சின்ன ஆபரேஷன்' என்று மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் ரத்தப்போக்கைப் பொறுத்தவரை காதைவிட அடினாய்டு அகற்றப்பட்ட இடமே அதிகக் கவனிப்புக்கு உரியது. அங்கிருந்து கசியும் ரத்தம் வெளியே தெரியாமல் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கிவிடலாம். உறக்கத்தில் குழந்தை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, காபித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலோ அது ரத்தமாக இருக்கக்கூடும்.

காதுகுத்தும் ஓர் அறுவை சிகிச்சையே: மருத்துவமனைக் கணக்கில் வராவிட்டாலும், நம் நாட்டில் குழந்தைகளின் காதில் மிக அதிகமாக நடைபெறும் 'அறுவை சிகிச்சை' காதுகுத்துதான். பழங்கால மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இதை முறையான சிகிச்சையாகவே விவரிக்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்தில் துளையிட வேண்டும் என்றும், ரத்தம் மிகுந்து வந்தாலோ வலி கடுமையாக இருந்தாலோ துளை தவறான இடத்தில் விழுந்துவிட்டது என்று அறிய வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. குத்தக் கூடாத மூன்று ரத்தக் குழாய்களுக்கு அது பெயர்களையும் சூட்டியுள்ளது.

அதிக ரத்தம் என்றால் இடம் தவறு என்ற அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியானதே. இடம் சரியாக இருந்தும் ரத்தம் நிற்காத குழந்தைகளும் உண்டு என்பது, ரத்தம் உறையும் முறை குறித்த அறிவு வளர்ந்த பிறகே விளங்கியது.

செவிப்பறைக்குப் பின்னால் மறைந்திருக்கும் குழாய்: மூளையில் இருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் கழுத்துச் சிரை, நடுச்செவியின் தரைக்குக் கீழே குமிழ் போல விரிந்து செல்கிறது. வழக்கமாக இரண்டுக்கும் இடையே ஓர் எலும்புத் தகடு இருக்கும். சிலருக்கு இந்தக் குமிழ் இயல்பைவிட உயரமாக அமைந்து நடுச்செவிக்குள் எட்டிப் பார்க்கும். அவர்களிலும் சிலருக்கு எலும்புத் தகடு மெலிந்தோ, முழுவதும் இல்லாமலோ இருக்கும். அப்போது செவிப்பறையைக் கீறும் கத்தி நேராகச் சிரையின் சுவரைத் தொட்டுவிடும் ஆபத்து உண்டு. செவிப்பறையைக் கீறியதைத் தொடர்ந்து சிரைக் குமிழில் காயம் பட்டிருக்கக்கூடும் என்று கருதப்பட்ட பத்து மாதக் குழந்தை ஒன்றின் விவரம் 1914ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் வெளியாகியுள்ளது.

இவ்வாறு நேரும்போது கருஞ்சிவப்பு நிற ரத்தம் சட்டென்று காதுக் குழலை நிறைத்துவிடும். காண்பவரை அச்சுறுத்தும் காட்சி என்றாலும், சிரையில் அழுத்தம் குறைவு என்பதால், காதுக் குழலைப் பஞ்சுத் திரி கொண்டு இறுக அடைத்து, தலைப் பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் ரத்தம் கட்டுப்பட்டுவிடும். அதன் பின்னர் சிடி ஸ்கேன் எடுத்துக் காரணம் உறுதி செய்யப்படுகிறது. இத்தகைய குழந்தையின் மறு காதைத் தொடுவதற்கு முன்பும் அந்தப் படத்தைப் பார்ப்பது அவசியம்.

இதைவிட அரிதானதும் அபாயகரமானதும் தமனியில் ஏற்படும் காயம். மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் கழுத்துத் தமனி, கருவில் உருவாகும்போதே தடம் மாறி நடுச்செவி வழியாகச் செல்வது உண்டு. அதில் காயம் பட்டால், துடிப்புடன் செந்நிற ரத்தம் பீறிடும். காதை அடைப்பது முதலுதவி மட்டுமே. ரத்தக் குழாய்க்குள் நுண்குழாய் செலுத்திச் சிகிச்சை அளிக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் குழந்தையை மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்விரண்டையும் முன்கூட்டியே கண்டறிய எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுப்பது வழக்கமில்லை, எடுக்கவும் கூடாது. இவ்வளவு அரிதான ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது நியாயமாகாது. செவிப்பறைக்குப் பின்னால் நீலமாகவோ சிவப்பாகவோ ஏதேனும் தென்படுகிறதா, அது துடிக்கிறதா என்று நுண்ணோக்கி வழியே பொறுமையாகப் பார்ப்பதே முதற்கட்டப் பாதுகாப்பு. ஐயம் எழுந்தால் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேன் எடுக்கலாம். தேங்கிய நீரும் நீல நிறமாகத் தெரியக்கூடும் என்பது இதில் உள்ள சிக்கல்.

ரத்தமே காரணமாகும்போது: காயம் பட்டவுடன் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி முதல் அடைப்பை உண்டாக்குகின்றன. பின்னர் 'ஃபேக்டர்' எனப்படும் உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, வலை போன்ற இழைகளை உருவாக்கி அந்த அடைப்பை உறுதிப்படுத்துகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமாக உள்ளது என்பதைப் பொறுத்து ரத்தப்போக்கின் தன்மையும் நேரமும் மாறுகின்றன.

தட்டணுக்கள் பழுதாக இருந்தால் கீறிய நொடியில் இருந்தே ரத்தம் நிற்காது. ஹீமோபிலியா உள்ள குழந்தைக்கு முதல் அடைப்பு சரியாகவே உருவாகும். ஆகவே அறுவை அரங்கில் எல்லாம் இயல்பாகத் தோன்றும். சில மணி நேரம் கழித்து, உறுதிப்படாத அடைப்பு கழன்று ரத்தம் தொடங்கும். 13ஆம் காரணி குறைபாட்டில் இது இன்னும் தாமதமாகி, ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் கழித்தும் நிகழலாம். அதற்குள் குழந்தை வீட்டுக்குச் சென்றிருக்கும்.

ஹீமோபிலியா ஏ, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படுகிறது. கடுமையான வகையில், குழந்தை தவழத் தொடங்கும்போதே முழங்காலிலும் நெற்றியிலும் பெரிய நீலக் கன்றல்கள் தோன்றிப் பெற்றோரை எச்சரித்துவிடும். அதற்கு முன்பே காதுகுத்து நடந்தால் அதுவே முதல் எச்சரிக்கை ஆகலாம். மருத்துவர்களை ஏமாற்றுவது லேசான வகைதான். இயல்பில் 5 முதல் 40 விழுக்காடு வரை காரணி உள்ள குழந்தைக்கு அன்றாட வாழ்வில் எந்தக் குறையும் தெரியாது. பல் பிடுங்கும்போதோ, அறுவை சிகிச்சையின்போதோதான் அது முதன்முதலாக வெளிப்படும்.

ரத்தக் கசிவு நோய்களிலேயே மிகப் பரவலானது வான் வில்லிபிராண்டு நோய். இது கண்டறியப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. 1924இல் ஃபின்லாந்தின் ஓலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, சிறு காயங்களிலும் ரத்தம் நிற்பதில்லை என்ற குறையுடன் ஹெல்சின்கியில் இருந்த மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டிடம் அழைத்து வரப்பட்டாள். மருத்துவர் சிறுமியை மட்டும் ஆராயாமல் அவளது குடும்பம் முழுவதையும் பற்றி விசாரித்தார். உடன்பிறந்தவர்கள், பெற்றோர், இரு தரப்பு உறவினர் என்று பலருக்கும் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வடியும் வழக்கம் இருந்தது. ஆண், பெண் இருபாலரும் அதில் அடக்கம். ஹீமோபிலியா அப்படிப் பரவுவதில்லை என்பதால் இது வேறு நோய் என்று 1926இல் அவர் அறிவித்தார். அந்தச் சிறுமி 13ஆம் வயதில் மாதவிடாய் ரத்தப்போக்கால் உயிரிழந்தாள்.

மூக்கில் அடிக்கடி ரத்தம் வருவதைச் 'சூடு' என்றும், தாய்க்கோ பாட்டிக்கோ இருந்த அதிக மாதவிடாய் ரத்தப்போக்கைப் 'பெண்களுக்கு வருவதுதான்' என்றும் ஒதுக்கிவிடும் குடும்பங்களில் இந்நோய் தலைமுறைகள் கடந்தும் பெயரின்றியே இருந்துவிடுகிறது.

உறவுத் திருமணமும் கர்நாடகத்தின் தரவுகளும்: பெற்றோர் இருவரிடம் இருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றும் நோய்கள் சில உள்ளன. தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருந்தும் அவை ஒட்டாமல் போகும் கிளான்ஸ்மன் நோய் அவற்றில் ஒன்று. சுவிட்சர்லாந்து குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் 1918இல் விவரித்த இந்நோய், உலக அளவில் சுமார் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதாக மதிப்பிடப்படுகிறது. 13ஆம் காரணி குறைபாடு அதைவிட அரிது. இருபது லட்சம் பேரில் ஒருவர் என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் உறவுக்குள் திருமணம் மிகுந்த சமூகங்களில் இந்த விகிதம் உயர்கிறது. பழுதான மரபணு ஒரே தாத்தா பாட்டியிடம் இருந்து இரு வழிகளிலும் இறங்கி வந்து ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிடுவதே அதற்குக் காரணம்.

இந்த வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது பெங்களூருவில் நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவ், வெளிநாட்டு ஆய்வாளர் ஆலன் பிட்டில்ஸ் உள்ளிட்டோர், 1980 முதல் 1989 வரை பெங்களூரு, மைசூரு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் குறித்துத் திரட்டிய விவரங்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தம்பதிகளை உள்ளடக்கியவை. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ரத்த உறவுக்குள் மணம் புரிந்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களோடு, அக்காள் மகளை மணக்கும் வழக்கமும் மிகுந்து காணப்பட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படியும், திருமணமான பெண்களில் தமிழ்நாட்டில் 28 விழுக்காட்டினரும் கர்நாடகத்தில் 27 விழுக்காட்டினரும் உறவினரையே மணந்தவர்கள். தேசிய சராசரி 11 விழுக்காடு மட்டுமே.

உறவில் மணந்த பெரும்பாலான தம்பதியரின் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றனர். ஆகவே இந்த எண்கள் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கானவை அல்ல. அறுவை சிகிச்சைக்கு முன் 'பெற்றோர் உறவினரா?' என்று மருத்துவர் கேட்டால், அது குடும்ப விவகாரத்தில் தலையிடுவதன்று. சிகிச்சைக்குத் தேவையான தகவல்.

ஹீமோபிலியாவுக்கும் உறவுத் திருமணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் மரபணு தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனை அடைகிறது. ஆகவே அதைத் தேட வேண்டிய இடம் தாய்வழி ஆண்கள்: தாய்மாமன், தாயின் தாய்மாமன், பெரியம்மா, சித்தியின் மகன்கள். காதுகுத்து விழாவில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்துவது தமிழ்க் குடும்பங்களின் மரபு. அந்த மாமனுக்குச் சிறுவயதில் ரத்தம் நிற்காமல் போனதுண்டா, மூட்டுகள் வீங்கியதுண்டா என்பதுதான் ஹீமோபிலியாவைப் பொறுத்தவரை மிக முக்கியமான கேள்வி. ஹீமோபிலியா உள்ள ஆண், அதே மரபணுவைச் சுமக்கும் அக்காள் மகளை மணந்தால், வழக்கமாக இந்நோய் தாக்காத பெண் குழந்தைகளுக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதே நேரம், ஹீமோபிலியா குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்ப வரலாறே இருப்பதில்லை. மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்திருக்கும்.

பரிசோதனை முடிவு 'நார்மல்' என்றால் போதுமா?: அறுவை சிகிச்சைக்கு முன் பல மருத்துவமனைகள் ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடி, ஏபிடிடி ஆகிய பரிசோதனைகளைச் செய்கின்றன. அவை பயனுள்ளவை என்றாலும் அனைத்தையும் காட்டிக்கொடுப்பவை அல்ல. 13ஆம் காரணி குறைபாட்டில் இவ்விரண்டும், தட்டணு எண்ணிக்கையும் இயல்பாகவே இருக்கும். கிளான்ஸ்மன் நோயிலும் அவ்வாறே. லேசான வான் வில்லிபிராண்டு நோயும் பல நேரங்களில் இவற்றில் சிக்குவதில்லை. 'ஓ' வகை ரத்தம் உள்ளவர்களுக்கு வான் வில்லிபிராண்டு காரணி இயல்பாகவே மற்றவர்களைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவாக இருப்பதும் முடிவைக் கணிப்பதைக் கடினமாக்குகிறது.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க ரயில்வே ஊழியர் ஜான் ஹேகமன் என்பவரின் ரத்தம், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் உறையவே வெகு நேரம் எடுத்துக்கொண்டது. ஆனால் அவருக்கு வாழ்நாளில் எந்தக் காயத்திலும் ரத்தம் நிற்காமல் போனதே இல்லை. 1955இல் மருத்துவர் ஆஸ்கர் ராட்னாஃப் விவரித்த அந்தக் குறைபாடே இன்று 12ஆம் காரணி குறைபாடு எனப்படுகிறது. ஆய்வகத்தில் அச்சமூட்டும் இது, அறுவை சிகிச்சையில் ரத்தக் கசிவை உண்டாக்குவதில்லை.

இந்தக் காரணங்களால்தான் பிரிட்டன் ரத்தவியல் வல்லுநர்களின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டுதல், எல்லா நோயாளிகளுக்கும் கண்மூடித்தனமாக இப்பரிசோதனைகளைச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை. ரத்தக் கசிவு குறித்த வரலாற்றை முறையாகக் கேட்டறிந்து, அதில் ஏதேனும் தென்பட்டால் உரிய பரிசோதனைகளுக்குச் செல்வதே சரி என்கிறது.

கேட்க வேண்டியவை: பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்ததா என்பது முதல் கேள்வி. 13ஆம் காரணி கடுமையாகக் குறைந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு இந்த அடையாளம் இருக்கும். பல ஆண்டுகள் கழித்து மருத்துவர் கேட்கும்போது தந்தைக்கு நினைவிருக்காது, பாட்டிக்கு இருக்கும். ஆகவே ஆலோசனைக்கு வீட்டின் மூத்த பெண் ஒருவர் உடன் வருவது நல்லது. தடுப்பூசி போட்ட தொடையில் பெரிய கட்டி வீங்கியதா, பால்பல் விழுந்தபோது ரத்தம் மறுநாளும் வந்ததா, மூக்கில் இருந்து பத்து நிமிடங்களுக்கு மேல் ரத்தம் வடிந்ததுண்டா, அடிபடாமலே கன்றல்கள் தோன்றுகின்றனவா, சுன்னத் செய்யப்பட்ட குழந்தை எனில் அப்போது ஏதேனும் நேர்ந்ததா, காது குத்தியபோது என்ன ஆனது என்பவை அடுத்தடுத்த கேள்விகள். குடும்பத்தில் பிரசவத்தின்போதோ, பல் பிடுங்கியபோதோ ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா, காரணம் தெரியாமல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்த குழந்தை உண்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தகைய இழப்பைப் பற்றிப் பேச வீடுகள் தயங்கும். எனினும் மருத்துவருக்கு அதுவே மிகப் பெரிய துப்பாக அமையலாம்.

பிறவிக் குறைபாடு அல்லாத காரணங்களும் கேட்டறியப்பட வேண்டும். வலி, காய்ச்சலுக்குத் தரப்படும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மருந்துகள் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் குறைக்கும். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்படாத கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதங்களுக்குள் ரத்தக் கசிவு நேரும் அபாயம் உண்டு; அந்த வயதில் காது குத்த நினைப்போர் ஊசி போடப்பட்டதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பெங்களூருவுக்கே உரிய கவலை டெங்கு. கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் டெங்குவைப் பெருந்தொற்று நோய்ப் பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு அந்த ஆண்டு பாதிப்பு இருந்தது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும் என்பதால், அண்மையில் காய்ச்சல் வந்த குழந்தைக்கு அவசரமில்லாத அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பதே முறை. காதில் தேங்கிய நீர் சில வாரங்கள் காத்திருக்கும்.

ரத்தம் நிற்காவிட்டால்: குழாய் பொருத்திய பின் ஓரிரு நாள்கள் காதில் இருந்து இளஞ்சிவப்பு நீர் கசிவது இயல்பு. புதிய செந்நிற ரத்தம் சொட்டுவது, பஞ்சு மீண்டும் மீண்டும் நனைவது, குழந்தை வெளிறிச் சோர்ந்து போவது ஆகியவை உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். காது குத்திய இடத்தில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்ப்பது உருவாகும் உறைவைக் கலைத்துவிடும். மஞ்சள்தூள், காபித்தூள் ஆகியவற்றை அப்புவதால் தொற்றுதான் மிஞ்சும்.

பெரியவர்களுக்குப் பொருட்படுத்தத் தேவையற்ற அளவு ரத்தம் குழந்தைக்கு அப்படியல்ல. பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தம் ஓடுவது ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் ரத்தமே. ஒரு சிறிய காபி டம்ளர் அளவு வெளியேறினால், எட்டில் ஒரு பங்கு போய்விட்டதாகப் பொருள்.

நோய் தெரிந்தால் அறுவை சிகிச்சை கூடாதா?: கூடும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ரத்தக் கசிவு நோய் உள்ள குழந்தைக்கும் பாதுகாப்பாகவே இச்சிகிச்சையைச் செய்ய முடியும். ஹீமோபிலியாவில் குறைவான காரணியை ஊசி வழியே செலுத்தி உரிய அளவுக்கு உயர்த்திய பின்னர் கீறல் இடப்படுகிறது. அதன் பின்னும் சில நாள்கள் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. வான் வில்லிபிராண்டு நோயின் லேசான வகைக்கு டெஸ்மோபிரெசின் மருந்து பலருக்குப் பயன் தருகிறது. கிளான்ஸ்மன் நோய்க்குத் தட்டணுக்கள் ஏற்றப்படலாம். உருவான உறைவு கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், பெரும்பாலான இத்தகைய நோய்களில் துணை மருந்தாகக் கைகொடுக்கிறது. விலை மலிவான இந்த மருந்து ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியின் கண்டுபிடிப்பு.

இதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர், ரத்தவியல் மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகிய மூவரும் முன்கூட்டியே கலந்து பேசியிருக்க வேண்டும். காரணிகளை அளக்கும் ஆய்வகமும், காரணி மருந்து இருப்பும் உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். பெங்களூருவில் புனித ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், தமிழ்நாட்டில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் ரத்தவியலில் நீண்ட அனுபவம் கொண்டவை. கர்நாடக ஹீமோபிலியா சங்கம் தாவணகெரேயில் இயங்கி வருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஹீமோபிலியாவையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்துள்ளது.

வாழ்நாள் முழுவதும் ஊசியை நம்பியிருக்கும் நிலையை மாற்றும் ஆராய்ச்சியிலும் இந்த இரு நகரங்களுக்கும் பங்கு உண்டு. பெங்களூருவில் உள்ள தண்டுசெல் அறிவியல் மற்றும் மறுசீரமைப்பு மருத்துவ நிறுவனமான இன்ஸ்டெம்மின் அங்கமாக வேலூர் சிஎம்சி வளாகத்தில் தண்டுசெல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அங்கு கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு, அவர்களது சொந்தத் தண்டுசெல்களில் எட்டாம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை அளிக்கப்பட்டது. கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்குமே ரத்தக் கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அவர்கள் அனைவரும் வயது வந்தோர். குழந்தைகளைப் பொறுத்தவரை காரணி ஊசிகளும், தோலுக்கடியில் செலுத்தப்படும் எமிசிசுமாப் போன்ற தடுப்பு மருந்துகளுமே இப்போதைய வழி.

அறுவை சிகிச்சையின்போது எதிர்பாராத ரத்தப்போக்கு ஏற்பட்ட குழந்தையின் பெற்றோர், மருத்துவமனையில் இருந்து திரும்பும்போது என்ன நடந்தது என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். எந்தக் காது, சிரையா தமனியா, ஸ்கேனில் தெரிந்தது என்ன, எந்தக் காரணி எத்தனை விழுக்காடு என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பெரிய அளவிலான ரத்தக் கசிவு நடந்து கொண்டிருக்கும்போது எடுக்கப்படும் காரணி அளவுகள் நம்பகமானவையாக இருப்பதில்லை என்பதால், சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கும்படி மருத்துவர்கள் கூறுவது வழக்கம். ரத்தம் நின்றுவிட்டதே என்று அந்தப் பரிசோதனையைக் கைவிடக் கூடாது. நோய் உறுதியானால், குழந்தையின் உடன்பிறந்தோரும் தாயும், தாயின் சகோதரிகளும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஹீமோபிலியா மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கும் காரணி அளவு குறைந்திருக்கும் என்பதால், அவர்களது அடுத்த பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவருக்கு இது தெரிவிக்கப்பட வேண்டும்.